முப்பத்தொரு பேர், மேற்கோள் இல்லை

1

யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் நானும் கொஞ்ச காலம் கட்டுரைகளை நீக்கிக்கொண்டிருந்தேன். அப்படி நீக்கிய ஒரு பக்கத்தின் முதல் வரி மட்டும் இன்னும் போகவில்லை: 'இவர் என் அண்ணன்.' எழுதியவர் யாரென்று நான் கேட்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் கற்பனை.

2

உமா மகேஸ்வரி, போர்ட் பிளேருக்கு வடக்கே மாயாபந்தருக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம். கணவன் சேலத்தில். போன் பேச்சு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு பண்டிகைக்கு ஒன்றாகிவிட்டது.

(இங்கே அவளுக்கு ஒரு பூனை கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். தனியாக இருக்கிறாள் என்று சொல்லப் பூனை எதற்கு.)

மாலைகளில் அவள் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி. எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்பவள். அங்கே அவள் பெயர் 'வடதீவு'. எல்லோரும் 'ஐயா' என்கிறார்கள். அவள் திருத்தியதில்லை.

அலுவலகத்துக்கு வெளியே அவளோடு பேசுகிறவர் ஒருவர்தான்: படகுத்துறை முன்னால் டீக்கடை வைத்திருக்கும் பீட்டர்.

3

ஒரு சனிக்கிழமை புதுக் கட்டுரை வந்தது. மத்தியாஸ், படகோட்டி. போர்ட் பிளேருக்குத் தெற்கே ஹட் பேயில், சுனாமிக்கு மறுநாள், பாதை அறுந்த குடியிருப்புகளிலிருந்து ஆறு நடையில் முப்பத்தொரு பேரைக் கொண்டுவந்து சேர்த்தவர். ஏழாவது நடை போனவர் திரும்பவில்லை.

மூன்று மாலை தேடினாள். ஒரு செய்தித்தாள், ஒரு அரசுக் குறிப்பு, எதுவும் இல்லை. 'சான்று இல்லை, ஏழு நாளில் நீக்கப்படலாம்' என்று கட்டுரையின் மேல் அறிவிப்பு வைத்தாள்.

மறுநாள் கடையில் பீட்டர் போனை நீட்டினார்.

"எங்க அண்ணனைப் பத்தி எழுதிப் போட்டேன் மேடம். வடதீவுன்னு ஒரு சார் மேற்கோள் கேக்குதாரு. அப்படின்னா?"

"பேப்பர்லயோ புக்லயோ வந்திருக்கணும்."

"அன்னைக்கு ஹட் பேல பேப்பர் ஏது? நானே அந்தப் படகுல வந்தவன். பதினேழாவதா ஏறுனேன். நான் சொன்னா போதாதா?"

அவள் டீயைக் குடித்தாள்.

(இங்கேயே உண்மையைச் சொல்லவைத்து இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் பீட்டர் உடனே மன்னித்துவிட்டார். அவ்வளவு நல்லவரை நான் நம்பவில்லை.)

4

கட்டுரையைப் பற்றி வாதிடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் பீட்டர் முப்பத்தொரு பெயர்களையும் எழுதினார். செல்வம்மாள், கைக்குழந்தையோடு. ஒச்சப்பன், தோட்டத்து மேஸ்திரி. அப்படியே கடைசிவரை. வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. உமா இன்னொரு நிர்வாகியிடம் கேட்டாள். 'விதி விதிதான் ஐயா' என்று பதில் வந்தது. போன வருடம் இதே விதியைக் காட்டி ஒரு மகள் எழுதிய அப்பாவை அவள் நீக்கியிருக்கிறாள். இவரை மட்டும் எப்படி வைப்பது?

ஏழாம் நாள் நீக்கினாள். நேராகக் கடைக்குப் போனாள்.

"பீட்டர், வடதீவு நான்தான். எடுத்துட்டேன்."

அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றி முடித்தார்.

"பேரெல்லாம் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முப்பத்தொண்ணும்."

"டீக் ஹை மேடம், சரி." கிளாஸை வேறொருவரிடம் நீட்டினார்.

5

அதன் பிறகு பன்னிரண்டு நாள் அவர் பேசவில்லை. அவள் தினமும் போய் உட்கார்ந்தாள்.

நான் எழுதிப்பார்த்த ஒரு முடிவில், ரூபா என்ற நிருபர் போர்ட் பிளேரிலிருந்து வந்து எல்லாவற்றையும் விசாரித்து, செய்தி அச்சாகி, கட்டுரை மறுபடி... வேண்டாம். ரூபாவை நான் வசதிக்காகக் கொண்டுவந்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பதின்மூன்றாம் நாள் உமா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தாள்.

"ஹட் பே போறேன் பீட்டர். அங்க யாரைப் பாக்கணும்?"

"பாத்து?"

"அவங்க சொல்றதை எழுதி வைப்பேன்."

பீட்டர் அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க எழுதுவீங்க?"

அவளுக்கு ஒரு பதில் எழுதித் தர என்னால் முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவளிடம் சொல்லுங்கள். பீட்டர் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.