லூர்துராஜின் வயிற்றுப்புண்

லூர்துராஜுக்கு வந்தது பெருங்குடலில் புற்றுநோய். ஊருக்குச் சொன்னது வயிற்றுப்புண். குடலின் அந்தக் கடைசிப் பகுதியின் பெயரைக் கோயில் வாசலில் நின்று எப்படிச் சொல்வது என்பது அவர் கவலை. அதனால் பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் அவருடைய வயிற்றுப்புண்ணுக்காக வேண்டிக்கொண்டார். மனைவி அமலோற்பவம் பூண்டி மாதாவுக்குக் காணிக்கையாக வெள்ளியில் ஒரு வயிறு வாங்கிப் போட்டாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மணத்தக்காளிக் கீரை வந்தது; வயிற்றுப்புண்ணுக்கு அதுதானே மருந்து. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய மனிதர், தனக்கு வராத நோய்க்கான கீரையை வாரக்கணக்கில் தின்றார்.

மகள் சான்ட்ரா ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிறாள். எந்தக் குடல் புற்றுநோயாளி நெடுநாள் இருப்பார், எவர் இருக்கமாட்டார் என்பதை அவருடைய கட்டிக்குள் எந்த ஜீன்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. லூர்துராஜ் அதை ஊரில் “பெரிய படிப்பு” என்பதோடு நிறுத்திக்கொள்வார். குடல் என்று அப்போதும் சொன்னதில்லை.

சான்ட்ராவுக்கு மாசியில் இரண்டாவது பிரசவம். அம்மா வரவேண்டும் என்று கேட்டிருந்தாள். முதல் பிரசவத்துக்கு அமலோற்பவம் போகவில்லை. அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று லூர்துராஜ் தடுத்துவிட்டார். தண்ணீர் இல்லையென்றால் நடவும் இல்லை, அறுப்பும் இல்லை, வீட்டில் அவளுக்கு வேலையும் இல்லை. ஆனாலும் போகவில்லை. இந்தத் தடவை, “மொதல்ல என் ஒடம்பு சரியாகட்டும்” என்றிருந்தார்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று, வெளியே பெஞ்சில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தபோது அமலோற்பவத்துக்கு ஒரு காட்சி வந்தது. இவர் இல்லாத வீடு. அவள் கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, விமானத்துக்குக் கிளம்புகிறாள். பூட்டு விழுந்த சத்தம்கூடக் கேட்டது. பதறிப்போய் அடுத்த ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை வாய்விட்டுச் சொன்னாள். பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மற்றதையெல்லாம் சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை.

அகற்றிய கட்டியின் துண்டைச் சான்ட்ரா பெங்களூரில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள். முடிவு வந்ததும் போனில் கூப்பிட்டாள். லூர்துராஜும் பக்கத்தில் நின்று கேட்டார்.

“நல்ல சேதிம்மா. அப்பாவோட கட்டிக்குள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள் நெறைய பூந்திருக்கு. அதுக்கான ஜீனெல்லாம் மும்முரமா வேலை செஞ்சிருக்கு. கட்டிய சும்மா விடாம சண்ட போட்டிருக்கு. இப்படி இருக்கறவங்க பொதுவா நீண்ட நாள் இருக்காங்க.”

“சண்ட போடலன்னா?”

“அமைதியா கெடக்கற கட்டிதாம்மா மோசம். அவங்கதான் சீக்கிரம் போயிடறாங்க. ஆனா இது நூத்துக்கணக்கான பேர வச்சுப் போட்ட கணக்கு. அப்பாவுக்கு இப்படித்தான்னு சத்தியம் பண்ண முடியாது.”

கடைசி வாக்கியம் லூர்துராஜின் காதில் விழவில்லை. அவர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போயிருந்தார்.

“உள்ள பூந்தவன சும்மா விடற ஒடம்பு இல்லையாம் நம்மளுது. வெளிநாட்டுலேயே சொல்லிட்டாங்க.”

“வயித்துப்புண்ணுக்கா இவ்வளவும்?” என்றார் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜெக்கரியா.

“எல்லாத்துக்குந்தான்.”

அமலோற்பவம் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நிம்மதிதான், பொய்யில்லை. ஆனால் அந்த நிம்மதிக்கு அடியில், இனி அந்தப் பூட்டின் சத்தம் கேட்காது என்ற நினைப்பும் கிடந்தது. இந்தத் தடவை அவள் பதறவில்லை. உட்கார்ந்து அதைப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் கத்திய மனிதருக்குக் கட்டிக்குள்ளும் கத்தல். கல்யாணமான நாள் முதல் விழுங்கிக்கொண்டே வந்த தனக்குள் என்ன இருக்கும்? அமைதியாகத்தான் கிடக்கும். ஜீனுக்கும் வாய்ச்சண்டைக்கும் சம்பந்தமில்லை, சான்ட்ரா கேட்டால் சிரிப்பாள் என்று தெரியும். தெரிந்தும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள்.

“ஏங்க, மாசியில நான் சான்ட்ராகிட்ட போறேன்.”

“தை அறுப்பு கெடக்கு. இவ வேற.”

“நான் மாசிங்கறேன், நீங்க தைங்கறீங்க.”

“அறுப்பு தள்ளிப்போனா? மிஷின் கெடைக்க வேணாமா? அப்ப வீட்டுல யாரு இருக்கறது?” குரல் ஏறியது.

அவள் குரலும் ஏறியது. அது இவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது. “நீங்க இருங்க. ஒடம்புதான் நல்லாயிருக்கே, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வர்றீங்களே! மொதப் பிரசவத்துக்குத் தண்ணி வரலன்னீங்க. தண்ணி வரலன்னா நான் எதுக்கு இங்க ஒக்காரணும்? நான் என்ன மேட்டூர் டேமா?”

லூர்துராஜ் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. கொல்லைச் சுவருக்கு மேலே தங்கம்மாளின் தலை தெரிந்தது.

“என்னண்ணே, அக்கா கொரல் பெருசா கேக்குது?”

அவருக்கு அந்தப் பழைய கூச்சம் வந்தது. “ஒண்ணுமில்ல தங்கம்மா. அவளுக்கு வயித்துல கொஞ்சம் கோளாறு.”

மறுநாள் காலையில் ஒரு முறம் மணத்தக்காளிக் கீரை வந்துவிட்டது. அமலோற்பவம் வாங்கி, கணவருக்கு முன்னால் வைத்தாள்.

“இப்படி ஒக்காருங்க. முத்தின தண்டத் தூரப் போடணும். எலைய மட்டும் கிள்ளுங்க.”

“இத எதுக்கு எங்கிட்ட காட்டற?”

“மாசியில நீங்கதான ஆக்கித் திங்கணும்.”

லூர்துராஜ் வாயைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கம்மாள் பாத்திரம் விளக்கும் சத்தம் சட்டென்று நின்றது. அவர் ஒரு தண்டை எடுத்துக்கொண்டார்.

“எத்தன மாசம்?” என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

“மூணு மாசம்!” என்றாள் அமலோற்பவம், சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி.