ஆமையைப் பிடிக்காத பெண்

குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம் எடுக்கும் அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாதி முடிந்த படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, எந்தப் பிராணியிடம் அவர்கள் மனசைப் பறிகொடுக்கிறார்களோ அதைக் கதையில் சாகடித்துவிடுவார்கள். அழுத பிள்ளை படத்தை மறக்காது என்பது டைரக்டரின் கணக்கு.

போன படத்தில் எடிட்டரின் மகள் ஒற்றைக்காது முயலைக் கைகாட்டினாள். அது செத்தது. பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை படத்தைப் போட்டுக் காட்டி முடிந்ததும் டைரக்டர் அவளிடம் குனிந்தார்.

"யாரை ரொம்பப் பிடிச்சுது செல்லம்?"

"யாரையும் பிடிக்கல அங்கிள். எல்லாம் மொக்கை."

"ஆமையைக்கூடவா?"

"அது படு மொக்கை."

டைரக்டரின் முகம் தொங்கிப்போனது. "என்னய்யா, உன் பொண்ணே இப்படிச் சொல்றா? படம் ஊத்திக்குமா?"

ஆமை வந்தபோதெல்லாம் மகள் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் பொத்திக்கொண்டதை எடிட்டர் பார்த்திருந்தார். பிடித்ததைக் கண்டால் கைக்குழந்தையிலிருந்தே அவள் அப்படித்தான். அது அவருக்கு மட்டுமே தெரியும். இப்போதும் விரலைப் பொத்தியபடி அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமைதான் சார்," என்றார் எடிட்டர். "சும்மா நடிக்கிறா."

வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் கையை நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் கவுன் பைகளுக்குள் விட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.