ஊசியில் நூல் கோக்க முடியாதவள்

தையற்காரிக்கு நாற்பத்தாறு வயது. ஆறு மாதமாக அவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவளுடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போயிருந்தது. அதனால் டாக்டரிடம் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. பயம் வந்தபோதெல்லாம் கடைக்குப் போனாள். பெரிய காதுள்ள ஊசிகள் வாங்கினாள். பிறகு சொட்டு மருந்து, கேரட் பொடி, கண் கூசும் மேசை விளக்கு. ஒவ்வொன்றும் இரண்டு நாள் நிம்மதி தந்தது.

ஒருநாள் கறுப்புக் கோட்டில் நீல நூலால் பொத்தான் தைத்துவிட்டாள்.

“இனிமே ஒண்ணும் வாங்க வேணாம். வா, கண்ணைக் காட்டிட்டு வருவோம்” என்று கணவன் கூட்டிப்போனான்.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அம்மாவுக்குப் பார்வை போனதைச் சொல்லிவிட்டு அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

“அம்மாவுக்கு வந்த மாதிரி எதுவும் இல்லைம்மா. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். தைக்கும்போது கண்ணாடி போட்டுக்கோங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “போன உயிர் திரும்பி வந்துச்சுங்க!”

கணவன் தலையைச் சொறிந்தான். “எனக்கும் நாலு மாசமா பேப்பர்ல எழுத்து தெரியலை. நியூஸ் ஒண்ணும் சரியில்லைன்னு சொல்லிப் படிக்கிறதையே விட்டுட்டேன்.”

“அடப் பாவி மனுஷா! அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் மறுபடி உள்ளே போனாள்.