காதைத் தொட்ட கை

லிப்ட் மெக்கானிக்குக்கு லிப்டில் போகக் கொடுத்துவைப்பதில்லை. அது நின்றுபோன பிறகுதானே அவரைக் கூப்பிடுகிறார்கள்? முப்பத்தைந்து வருஷம் மாடி மாடியாக ஏறி இறங்கியதில் நம் மெக்கானிக்கின் கால்கள் இரும்பாகியிருந்தன. கைகளோ பிறவியிலேயே நீளம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அச்சகத்து மாடிக் கூடத்தில் டேபிள் டென்னிஸ் ஆடுவார்.

மூத்தோர் போட்டி ஆடுகிறவர்கள் ஒரு தினுசான கூட்டம். ஊரே வயதைக் குறைத்துச் சொல்லித் திரியும்போது இவர்கள் மட்டும் எப்போது வயது ஏறும் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஐம்பத்தொன்பது வயதுக்காரன் பாவம், ஐம்பத்தைந்துகளிடம் உதை வாங்கிச் சலித்துப்போயிருப்பான். அறுபது பிறந்துவிட்டால் அடுத்த பிரிவில் அவன்தான் இளங்காளை.

போன வருஷம் அப்படித்தான் மெக்கானிக் அறுபதுக்கு மேற்பட்டோர் பிரிவில் இறங்கினார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் பல் டாக்டர். இருபது வருஷப் பழக்கம், ஒரே வயது, போதாததற்கு ஒரே மாதத்தில் பிறந்தநாள். ஐந்தாவது செட், பத்துக்கு ஒன்பது. டாக்டர் மேஜையின் ஓரத்துக்கு அடித்த பந்து போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மெக்கானிக் அந்த நீளக் கையை நீட்டி எடுத்துப் போட்டார். பதறிப்போன டாக்டர் அதை வலையில் அடித்துத் தோற்றார். கை குலுக்கினார், சிரித்தார், போனார். அதன்பிறகு கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

குட்டு உடைந்தது இந்த வருஷம்தான். வீட்டுக்கு வந்த அக்கா, சுவரில் தொங்கிய பதக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டேய், போன வருஷம் உனக்கு ஏதுடா அறுபது? எனக்கே இப்பதான் அறுபத்திரண்டு. எனக்கு ரெண்டு வயசு இருக்கும்போது நீ பொறந்த. இப்பதான்டா உனக்கு அறுபது."

"சர்ட்டிபிகேட்ல அறுபத்தொண்ணு போட்டிருக்கே?"

"அது அப்பா பண்ண வேலை. ஸ்கூல்ல அஞ்சு முடிஞ்சிருக்கணும்னாங்க. உனக்கு நாலுதான். தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னாங்க. அஞ்சு வயசுப் பசங்களுக்கே எட்டல. உனக்குத்தான் குரங்குக் கையாச்சே, சட்டுனு தொட்டுட்ட. வீட்டுல உன் வால்தனம் தாங்காம அப்பாவும் அஞ்சுன்னு எழுதிக் குடுத்துட்டார்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் போன வருஷம் அவர் ஐம்பத்தொன்பது. அந்தப் பதக்கம் டாக்டருடையது.

"பேப்பர்ல இருக்கிறதுதாங்க வயசு," என்றாள் மனைவி. "இந்த வருஷம் நிஜமாவே அறுபது ஆயிடுச்சே, அப்புறம் என்ன? இதைப் போய் ஊரெல்லாம் தண்டோரா போடாதீங்க."

நியாயமான பேச்சுதான். ஆனால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் கூடத்தில் மானம் போகும், இருபது வருஷச் சிநேகிதமும் போகும். சொல்லாவிட்டால் இனி எந்த ஆட்டத்தை ஜெயித்தாலும் ருசிக்காது. மூன்று நாள் இப்படிக் கிடந்து புழுங்கினார். நான்காம் நாள் கடைவாய்ப் பல் ஒன்று விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் படியேறினார்.

வரவேற்பு மேஜையில் டாக்டரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளும் பல் டாக்டர்தான்.

"வாங்க அங்கிள். அப்பா ஊசி போட்டு விடுவார், மிச்சத்தை நான் பார்க்கிறேன்."

"ஏம்மா, அவர் பார்க்க மாட்டாரா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கை சரியில்லைங்கிறார் அங்கிள். போன வருஷத்துலேருந்து பெரிய கேஸ் எதையும் தொடறதில்லை. நான் பார்த்த வரைக்கும் கைக்கு ஒண்ணும் இல்லை. சொன்னா கேட்டாத்தானே?"

ஒரு பதக்கத்தைத்தான் எடுத்தோம் என்று மெக்கானிக் நினைத்திருந்தார். ஒரு மனுஷனின் தொழிலையே அல்லவா எடுத்திருக்கிறார்!

நாற்காலியில் சாய்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். "டாக்டர், ஒரு விஷயம்..." என்பதற்குள், "வாயைத் தெற," என்று ஊசியோடு குனிந்துவிட்டார் டாக்டர். ஊசி இறங்கியது. ஐந்து நிமிஷத்தில் பாதி வாய் மரத்துப்போயிற்று. இனிப் பொறுப்பதற்கில்லை என்று மெக்கானிக் பதக்கத்தை எடுத்து, ஊசியும் இடுக்கியும் வைத்திருந்த தட்டிலேயே போட்டார்.

"இது உங்களுது," என்றார் குழறிக்கொண்டே. பள்ளிக்கூடம், காது, அப்பா எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு பக்க வாயால் கொட்டித் தீர்த்தார். "நான் ஏமாத்தணும்னு ஆடல டாக்டர். எனக்கே தெரியாது. ஆனா தெரிஞ்சப்புறம் வெச்சுக்க முடியல."

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்திலேயே பல்லைக் குடையும் இயந்திரம் வேறு.

"யோவ், அப்போ போன வருஷம் உனக்கு அறுபது இல்லையா?"

"இல்ல."

"நான் தோத்தது ஒரு அம்பத்தொம்பது வயசுப் பயகிட்டயா?"

"ஆமா."

டாக்டர் சுழல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் மெக்கானிக் கண்ணைத் திறந்தார்.

"அடப்பாவி! ஒரு வருஷமா தூக்கமில்லைய்யா எனக்கு. அவனுக்கும் அதே வயசு, அதே மாசம், அவன் கை எங்கயோ போய் எடுக்குது, என் கை கிட்ட வந்த பந்தை வலையில போடுதே, இந்தக் கையை நம்பி இன்னொருத்தர் வாய்க்குள்ள கத்தியை வைக்கலாமான்னு பயந்து செத்தேன். நீ என்னடான்னா சின்னப் பயலா?"

ஒரு வருஷத்தில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது? இது இருவருக்கும் தெரியும். இருந்தும், சின்னப் பயல்தான் என்று மெக்கானிக் தலையை ஆட்டிவைத்தார். அவருடைய நெஞ்சிலிருந்த பாறாங்கல் அப்போதே உருண்டு ஓடிவிட்டது.

டாக்டர் பதக்கத்தை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார். "இதை வெச்சிரு. நீயா குடுத்து நான் வாங்க மாட்டேன். இப்ப உனக்கு நிஜமாவே அறுபதாயிடுச்சில்ல? அடுத்த மாசப் போட்டியில ஆடி எடுத்துக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடத்துக்கு வந்துடு." பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அம்மாடி, நீ வர வேண்டாம். இவன் பல்லை நானே பார்த்துடறேன். வெளியே அந்த வேர் சிகிச்சைக்கு ஒருத்தர் காத்திருக்காரே, அவரையும் நான்தான் பார்க்கிறேன்."

அரை மணி நேரம் டாக்டரின் விரல்கள் மெக்கானிக்கின் வாய்க்குள் வேலை செய்தன. ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

வெளியே வந்தபோது மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம் அங்கிள். அப்பாவுக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார் மெக்கானிக், கோணல் வாயோடு. "என் வயசுல ஒண்ணைக் குறைச்சேன்."