மேனேஜர் போட்ட டக்

குரல்காரியை முகம் பார்த்து அடையாளம் சொல்ல அந்தத் தெருவில் நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆனால் காய்கறிக் கடையில் நின்று "அரைக் கிலோ தக்காளி" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் சட்டென்று திரும்புவார். "நீங்க அந்தக் கதை படிக்கிறவங்கதானே?" என்பார். புத்தகத்தை முழுக்க வாசித்து, பதிவு செய்து கொடுப்பது அவள் தொழில். பஸ்ஸில் போகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், தூக்கம் வராமல் புரளுகிறவர்கள் என்று ஊரில் பாதிப் பேரின் காதுக்குள் குடியிருந்தவள். "வீட்டுல உக்காந்து கதை படிக்கிறதுக்குச் சம்பளமாம்! கரும்பு தின்னக் கூலியா?" என்று அவள் நாத்தனார் சொல்லிக்கொண்டே இருப்பாள். கேலிதான், பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் பொறாமையும்தான்.

அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையிலா வர வேண்டும்? முழங்காலில் வந்திருந்தால் ஆகாதா? குரல்நாணில் ஒரு சின்ன முடிச்சு. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் மாதக்கணக்கில் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயாலேயே பிழைத்தவளுக்கு இந்தப் பூட்டு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாட்களில்தான் அவள் செடி வளர்க்க ஆரம்பித்தாள். செடிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அது போதும். முதலில் ஒரு மணிபிளான்ட் வந்தது. அதற்குத் துணையாகப் பெரணி. பிறகு ஆளுயர ரப்பர் செடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடம் காடாகிவிட்டது. அவள் கணவர் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஊரார் பார்வையெல்லாம் சரிசெய்து கொடுக்கிற மனிதர், சொந்த வீட்டில் தினமும் ஒரு தொட்டியிலாவது கால் விரலை இடித்துக்கொள்வார். "என் செருப்புக்கு இந்த வீட்டுல இடம் இல்லை. இதுகளுக்கு மட்டும் ஜன்னலோர சீட்டு" என்று நொண்டிக்கொண்டே புலம்புவார். ஆனால் அவள் படுத்திருக்கிற நாட்களில் இலைகளை ஈரத்துணியால் துடைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான்.

கிளி வந்ததும் அதே சமயத்தில்தான். மாடி வீட்டு நாத்தனார் தன் சாம்பல் நிறக் கிளியைக் கூண்டோடு கொண்டுவந்து வைத்தாள். "அண்ணி தனியா உம்முனு உக்காந்திருக்காங்க, பாவம். துணைக்கு இருக்கட்டும்" என்றாள். ஆகா, என்ன பாசம்! உண்மை என்னவென்றால், அந்தக் கிளி வாசல் மணி போலவே கத்தப் பழகிவிட்டது. நாத்தனார் நாளெல்லாம் கதவைத் திறக்க ஓடி ஓடிக் களைத்துப் போயிருந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொட்டி தொட்டியாக நடந்து சோதனை போடுகிற அந்தக் கிளிக்குக் கணவர் 'மேனேஜர்' என்று பேர் வைத்தார்.

ஒருவழியாகப் பூட்டு திறந்தது. ஆனால் உள்ளேயிருந்து வந்தது பழைய குரல் இல்லை. தேன் போல் இழைந்த குரல் போய், அடியிலிருந்து கரகரவென்று ஒன்று வந்தது. முதல் நாள் அதைக் கேட்டவுடன் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். வேறு யாரோ தன் வீட்டுக்குள் புகுந்து பேசுகிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தன் குரலை ஒலிப்பதிவில் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். பதிவு செய்யும்போது காதில் மாட்ட வேண்டிய ஹெட்போனை ஆணியில் தொங்கவிட்டாள்.

பேச வரட்டும் என்று கூடத்தில் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைச் சத்தமாக வாசித்துப் பழகினாள். மேனேஜர்தான் ஒரே ரசிகர். வாசிப்புத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு வந்தால் நிறுத்தி, நாக்கை அண்ணத்தில் சுண்டி 'டக்' என்று ஒரு சத்தம் போடுவார்கள். பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிப்பார்கள். கம்ப்யூட்டரில் அந்த டக் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு தெரியும். எடிட்டர் அதைப் பார்த்து முந்தின வாக்கியத்தை வெட்டி எறிந்துவிடுவார். அந்தப் பயிற்சி நாட்களில் இவளுக்கு இரண்டு வரிக்கு ஒரு தடுமாற்றம். வாசிப்பு நிற்கும், டக். மறுபடி நிற்கும், டக்.

பிறகு ஒருநாள் பதிப்பகத்து டைரக்டர் ஒரு நாவலை அனுப்பிவைத்தார். படகுத்துறையில் பல வருஷமாகத் தம்பிக்காகக் காத்திருக்கிற ஒரு அக்காவின் கதை. "முதல் மூணு அத்தியாயம் படிச்சு அனுப்புங்க. சரியா வந்தா முழுப் புத்தகமும் உங்களுக்கு. இல்லேன்னா தப்பா எடுத்துக்காதீங்க, வேற குரல் பாத்துக்கறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் இந்த வாய்ப்பு போனால் அடுத்தது வராது என்று அவளுக்குத் தெரியும். வேறு வேலை அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

பதிவு அறை என்பது கூடத்தை ஒட்டிய சின்ன அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் மெத்தை விரிப்பும் பழைய கம்பளியும் தொங்கும். உள்ளே வெந்துபோகும் என்பதால் கதவை ஒருசாண் திறந்து வைத்துக்கொள்வாள். கதவுக்கு வெளியே ரப்பர் செடி. தினமும் டாக்டர் அனுமதித்த ஒரு மணி நேரம் மட்டும் வாசித்தாள். மூன்று அத்தியாயம் முடிந்ததும் கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவைத்தாள். வாசிப்புக்காரர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அவளே முன்பெல்லாம் ஒரு மூச்சுச் சத்தத்துக்காக மூன்று தடவை கேட்டவள்தான்.

இரண்டாம் நாள் காலை எடிட்டரம்மா போன் செய்தாள். நல்லவள், ஆனால் தலைக்கு மேல் வேலை.

"மேடம், என்ன ஆச்சு உங்களுக்கு? டக் போட்டிருக்கீங்க, திரும்பப் படிக்கவே இல்லை. ஒண்ணு ரெண்டு இடம்னா பரவாயில்லை. பக்கத்துக்குப் பக்கம் அப்படி. நான் பாட்டுக்கு வெட்டிட்டுப் போனா, கதையில பாதி வரியைக் காணோம்."

"நான்... திரும்பப் படிச்சேனே."

"ஃபைல்ல இல்லையே மேடம். டைரக்டர் கேட்டுட்டு ஒரு மாதிரி ஆயிட்டாரு. நாளைக்கு இன்னொருத்தரை வரச் சொல்லியிருக்காரு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஏதாவது செய்ய முடியுமான்னு பாருங்க."

 குரல் போனது போதாதென்று புத்தியும் போய்விட்டதா? டக் போட்டுவிட்டு மறக்கிற அளவுக்கா? பட்ட காலிலே படும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. மூன்று அத்தியாயத்தை ஒரே நாளில் மறுபடி படிக்கத் தொண்டை தாங்காது. கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பெரணிக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்த குவளை கையிலேயே இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் இறங்கி வந்தாள். கடைக்குக் கிளம்பிய கணவரும் பையைக் கீழே வைத்துவிட்டார். ஆறுதல் சொல்வதென்றால் நாத்தனாருக்கு ஒரே வழிதான் தெரியும், ஊர்க்கதை. "அதை விடுங்க அண்ணி. எதிர்வீட்டுக்காரி என்ன பண்ணினா தெரியுமா? புருஷன் தூங்கிட்டிருக்கான்னு நினைச்சு, பீரோவைத் திறந்து, உள்ளே கையை விட்டு..." என்று சொல்லி, கதைக்கு ருசி ஏற்றுவதற்காகக் கண்ணை அகலத் திறந்துகொண்டு நிறுத்தினாள்.

டக்.

குரல்காரி நிமிர்ந்தாள். "இப்ப யாரு டக் போட்டது?"

"நான் போடலை" என்றார் கணவர், திருடன் மாதிரி.

"நீ சொல்லு, மேல சொல்லு" என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனாருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. "கையை விட்டு, அவன் ஒளிச்சு வச்சிருந்த பலகாரத்தை எடுத்தா. பின்னாடி பாத்தா..." மறுபடி ஒரு நிறுத்தம்.

டக். ரப்பர் செடியின் மூன்றாவது இலைக்குப் பின்னாலிருந்து, சுத்தமாக, ஈரமாக, அவளுடைய நாக்கே போட்டதுபோல் ஒரு டக். இலையை விலக்கினால் மேனேஜர். தலையைச் சாய்த்து, 'ம், ஏன் நிறுத்திட்டே? திரும்பப் படி' என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டாள். கத்தக் கூடாது என்பதே மறந்துபோயிற்று. பயிற்சி நாட்களில் அவள் நின்ற இடத்திலெல்லாம் டக் வந்தது. ஆகவே பேச்சு நின்றால் டக் வரவேண்டும் என்று அது பாடம் படித்திருக்கிறது. இப்போது அவள் தடுமாறி நிற்பதில்லை. கதை கனக்கிற இடத்தில், கேட்கிறவர் மூச்சு விடட்டும் என்று வேண்டுமென்றேதான் நிறுத்துகிறாள். அங்கெல்லாம் இது டக் போட்டிருக்கிறது. வீட்டுச் சத்தம் வீட்டுக்காரர் காதில் ஏறாது. மைக்குக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. ஹெட்போன் மாட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

"கூண்டுல போட்டுப் பூட்டுங்க இதை!" என்று நாத்தனார் பாய்ந்தாள்.

"எய்தவள் நான் இருக்கேன், அம்பை ஏன் திட்டுறே?" என்றாள் குரல்காரி. போனை எடுத்து எடிட்டரம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சரி மேடம், வெட்டாத ஃபைல் பத்திரமா இருக்கு. ஆனா மூணு அத்தியாயத்தையும் உக்காந்து கேட்டுப் பிரிக்க எனக்கு நேரமில்லை. உங்களுக்கு அனுப்பறேன். எது உங்க டக், எது கிளி டக்குன்னு இடம் குறிச்சு சாயங்காலத்துக்குள்ள குடுங்க. அப்புறம் டைரக்டர் பாடு."

போனை வைத்தபின்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. மூன்று அத்தியாயம். அந்தக் கரகரப்பு. முழுசாக, காதுக்குள். அவள் முகம் வெளிறியதைக் கணவர் பார்த்தார். அவருக்குத் தெரியும். அந்த ஹெட்போன் ஏன் ஆணியில் தொங்குகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"நான் கேட்டுக் குறிச்சுத் தரட்டுமா?" என்றார். "கடையைக் கொஞ்சம் லேட்டாத் திறந்தா யாருக்கும் கண்ணு போயிடாது."

அவளுக்கு உயிர் வந்தது. ஹெட்போனை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். முதலில் ஒரு கோடு போட்டார். அப்புறம் இன்னொன்று. பிறகு பென்சில் நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ரொம்ப மோசமா இருக்கா? சொல்லுங்களேன்!"

அவர் அவளைப் பார்க்காமலே கையை உயர்த்தி, சும்மா இரு என்று சைகை காட்டினார். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் வாசித்த எந்தப் புத்தகத்துக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் விழித்திருக்காத மனுஷர் அவர். கண்ணோரம் ஈரமாக இருந்தது. அவளுக்குப் பயத்தைவிடப் பொறுக்க முடியாத ஒன்று வந்துவிட்டது. தன்னை விட்டுவிட்டு அங்கே அப்படி என்னதான் நடக்கிறது?

"குடுங்க இப்படி" என்று பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.

முதல் வாக்கியத்தில் உடம்பு கூசியது. இரண்டாவதில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்றாவதில் அந்த அக்கா துறைக்கு வந்துவிட்டாள். இருட்டில் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு படகாகப் பார்க்கிறாள். பல வருஷம் காற்றில் நின்று கூப்பிட்டவளுக்குக் குரல் வேறு எப்படி இருக்கும்? தேனாகவா இருக்கும்? இப்படித்தான் இருக்கும். கரகரத்து, தேய்ந்து, விடாமல். நடுவில் மேனேஜர் டக் போட்டபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. குறித்துவிட்டு மேலே போனாள். போகப்போக டக் காதில் விழுந்தது, கை குறித்தது, மனசு துறையிலேயே நின்றது.

கணவர் கடைக்குப் போய்த் திரும்பிவிட்டார். நாத்தனார் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். வாசலில் நிஜமாகவே மணி அடித்தது, யாரும் திறக்கவில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது மூன்றாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் தொட்டியில் இடித்துக்கொள்ளாமல் மெதுவாக வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்னம்மா, எத்தனை தேறுச்சு? அனுப்பிடலாமா?"

அவள் ஒரு காதை மட்டும் விலக்கினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு. கடைசிப் படகு வந்து நின்னுடுச்சு. தம்பி இறங்குறானான்னு கேட்டுட்டு வரேன்."

"நீதானே படிச்சே? உனக்குத் தெரியாதா?"

"படிக்கிறப்போ தப்பு வருதான்னு மட்டும்தாங்க பாத்தேன்" என்றாள். "இப்பதான் கதை கேக்குறேன். பேசாதீங்க."