மாட்டிடம் பேசும் தெரு

சோற்றில் கை வைத்தபடியே அரங்கநாதன் தெருவின் முடிவை அறிவித்தார்.

"நாளைக்கு வீரம்மா வூட்ல வளகாப்பாம். எவனா வாசப்படி மிதிச்சா அவன் குடும்பமும் ஒதுக்கு. பேசி முடிச்சாச்சி."

அவர் மனைவி தனபாக்கியம் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "யாரு முடிச்சது?"

"தெரு."

"தெருன்னா?"

"தெருன்னா தெருதான். எனக்கு மட்டும் ஆசையா? நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும்?"

கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரே அவர்தான். எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். அந்தத் தெருவில் தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் தங்கமானவர்கள். நாலு பேராகச் சேர்ந்தால்தான் தெருவாகிவிடுவார்கள்.

அடுத்த வீட்டு வீரம்மாள் செய்த குற்றம் இதுதான்: மகள் சுகந்தி காலனிப் பையன் அலெக்ஸைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குக் குடித்தனம் போனபோது, அவளைத் தலைமுழுகாமல் இருந்துவிட்டாள். அன்றிலிருந்து வீரம்மாளோடு யாருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்து வாய் சும்மா இருக்குமா? கட்டுப்பாடு வீரம்மாளுக்குத்தானே, அவள் பசுமாட்டுக்கு இல்லையே!

"ஏய் லட்சுமி, ரேஷன்ல சக்கர போடுறான், ஜல்தி போவச் சொல்லு," என்று மாட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். வீரம்மாளும் மாட்டைத் தடவிக்கொண்டே பதில் சொல்லுவாள். கட்டுப்பாட்டுக்கும் பங்கமில்லை, சர்க்கரையும் வாங்கியாகிவிடும்.

வளையல் விஷயத்தில் மாடு உதவாது. வீரம்மாள் புருஷனை இழந்தவள். பெற்ற மகளானாலும் அவள் கையால் வளையல் போடக்கூடாது என்பதும் இதே தெருவின் சட்டம்தான். சம்பந்தி வீட்டார் தெருவுக்குள் வந்தால் அடிதடி ஆகிவிடும். சுமங்கலி ஒருத்தியாவது வராவிட்டால் சுகந்தி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். 'பெரிம்மா, பெரிம்மா' என்று தனபாக்கியத்தின் இடுப்பிலேயே வளர்ந்த பெண்.

மறுநாள் மத்தியானம், புல்லறுக்கப் போகிறவள்போலக் கூடைக்குள் வளையலை மறைத்துக்கொண்டு, தனபாக்கியம் தோட்டத்து வழியாக வீரம்மாள் வீட்டுக்குள் நுழைந்தாள். தெருவிலேயே தனக்கு மட்டும்தான் இந்தத் துணிச்சல் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சுகந்தி மணையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். இன்னொன்று நுழைய இடமில்லை.

"யார்டி போட்டது?"

வீரம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "கேக்காத தனம். விடிஞ்சதுலேர்ந்து ஒவ்வொருத்தரா கொல்லப் பக்கமா வர்றாங்க. 'என்னத் தவிர யாரும் வரமாட்டாங்க, வெளிய சொல்லிடாத'ன்னு சத்தியம் வாங்கிக்கினு போறாங்க."

மூலையில் ஒரு மஞ்சப்பை நிறையப் பழம். பையின் காது பிய்ந்து, நீல நூலால் தைத்திருந்தது. தனபாக்கியமே போட்ட தையல். மல்லாட்டை விதை வாங்கி வருகிறேன் என்று காலையில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனவர் அரங்கநாதன்.

"இவருமா?"

வீரம்மாள் சத்தியத்தை மீறாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தனபாக்கியத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் பொங்கியது. இத்தனை பேருக்கும் மனசு இருந்திருக்கிறதே! அப்புறம் யாருக்குப் பயந்து இந்தப் பெண் திருடியைப் போல வளைகாப்பு நடத்திக்கொள்ள வேண்டும்?

சாயங்காலம் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் ஆண்கள் கூடியிருந்தார்கள்.

"பாத்தீங்களா? ஒரு ஈ காக்கா போவல. கட்டுக்கோப்புன்னா இதான்," என்றார் அரங்கநாதன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து வளையல் சத்தம் கேட்டது. சுகந்தி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு, நட்டநடுத் தெருவில் தனபாக்கியம் வந்தாள். பின்னால் மாட்டைப் பிடித்தபடி வீரம்மாள். ஆண்கள் வளையல்களைப் பார்த்தார்கள்; பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

"அண்ணே, அது உங்க வூட்டுப் பை இல்ல?" என்று பக்கத்தில் நின்ற புகழேந்தி மெதுவாகக் கேட்டான்.

"மஞ்சப்ப எவன் வூட்ல இல்ல?" என்றார் அரங்கநாதன். அவர் கண் மட்டும் நீல நூலை விட்டு நகரவில்லை.

தனபாக்கியம் நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவினாள்.

"ஏய் லட்சுமி, எங்க வூட்ல ஒதுக்கி வெக்கணும்னா ஒருத்தரையா, ரெண்டு பேரையான்னு தெருவக் கேட்டு வையி. நான் பொண்ண பஸ் ஏத்திட்டு வர்றேன்."

இனி தனபாக்கியமும் ஒதுக்கப்பட்டவள். நாலு பேர் பார்க்க அவளோடு பேசினால் கட்டுப்பாடு என்னாவது? அரங்கநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மாட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

"லட்சுமி... ராத்திரிக்கு எனக்கு சோறு உண்டான்னு கேளு."