முத்துமாரி வைத்த பொங்கல்

சாத்தூருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் இசைவாணியும் முத்துமாரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவர்கள். முத்துமாரி நாலைந்து வயது மூத்தவள். சொந்தம் எதுவும் இல்லாவிட்டாலும் இசைவாணி அவளை மதினி என்றுதான் கூப்பிடுவாள். மதியம் வேப்பமரத்தடியில் தூக்குவாளிகளைத் திறந்தால், இது என் சோறு, அது உன் குழம்பு என்ற பேச்சே கிடையாது. முத்துமாரிக்குக் கருவாடு என்றால் உயிர். இசைவாணி நெத்திலித் தொக்கு கொண்டுவருகிற நாளில் மற்றவர்களுக்கு வாசனைதான் மிஞ்சும்.

போன தீபாவளிச் சீசனில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் அந்த நேரம் அதன் வாசலைக் கடந்த இசைவாணிக்கு இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கவே முடியாமல் அவள் கிடந்தபோது, முன்பின் தெரியாத சபைப் பெண்கள் இரண்டு பேர் கஞ்சி கொண்டுவந்து கரண்டியால் ஊட்டினார்கள். எந்த ஊர், என்ன ஆளுக என்று கேட்கவில்லை. ஊட்டிவிட்டு, கட்டிலோரம் நின்று கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். யாரிடம் இவ்வளவு உரிமையோடு பேசுகிறார்கள் என்று இசைவாணிக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவர்கள் வராத நாளிலும் அவளே பேசத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்ததும் ஞாயிறுதோறும் சபைக்குப் போனாள். பங்குனியில் ஞானஸ்நானம் எடுத்தாள். புருஷன் வெள்ளைத்துரை அவளோடு போகவில்லை, தடுக்கவும் இல்லை.

சித்திரையில் மறுபடி வேலைக்கு வந்தபோது சாப்பாட்டில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. வாயில் வைப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஜெபிப்பாள். சாமிக்குப் படைத்ததை மட்டும் வாங்கமாட்டாள். போதகர் சொன்னார் என்பதற்காக மட்டும் இல்லை. தன் உயிரைத் திருப்பித் தந்தவர் ஒருவர் என்று மனசார நம்பிவிட்டு, இன்னொரு படையலில் பங்குக்குக் கை நீட்டுவது அவளால் முடியவில்லை. மரத்தடியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத்தான் ஒரு குறை: முத்துமாரி கருவாட்டைத் தொடுவதே இல்லை. கேட்டால், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று முத்துமாரி லீவு போட்டு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போனாள். மறுநாள் மதியம் ஒரு சம்படத்தில் சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து, எல்லாருக்கும் முன்னால் இசைவாணியிடம் நீட்டினாள்.

"ஒரு வாய் சாப்பிடுத்தா."

இசைவாணி கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "கோவில் பொங்கல்னா வேண்டாம் மதினி. கோவிச்சுக்காதீக."

முத்துமாரி கோபப்படவில்லை. சம்படத்தை மெதுவாக மூடினாள். "ஒரு காலத்துல மேல்சாதிக்காரக நம்ம ஆளுக கையில தண்ணிகூட வாங்கமாட்டாக. அவுகளை விட்டுரு. நீயும் என் கையில வாங்கமாட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து மரத்துக்குப் போய்விட்டாள்.

விஷயத்தைச் சாயங்காலம் கம்பெனி வேனில் சொன்னவள் கூட வேலை பார்க்கும் கருப்பம்மாள். தீப்பிடித்த அன்று முத்துமாரி ஆஸ்பத்திரி வாசலில் நின்று மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். இசைவாணி எழுந்து நடமாடி, ஆத்தாளுக்கு வைத்த பொங்கலைத் தன் கையால் வாங்கிச் சாப்பிடுகிற வரைக்கும் கவுச்சியைத் தொடமாட்டேன் என்று.

இசைவாணி அன்றைக்கு ராத்திரி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தன் உயிருக்காக ஒருத்தி இத்தனை மாதம் பிடித்ததை விட்டிருக்கிறாள்; அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டோமே என்று இருந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டால் என்ன என்று நினைத்தாள். ஆனால் நம்பாமல் சாப்பிட்டால் அது மதினியிடம் சொல்கிற பொய். மதினியோ கண்ணீரோடு நேர்ந்தவள். அவளிடம் போய்ப் பொய்யாக மென்று காட்டுவதா?

வேதத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இறைச்சி சாப்பிடுவது தன் சகோதரனுக்கு இடறலாக இருந்தால் அதை என்றைக்கும் சாப்பிடமாட்டேன் என்று பவுல் எழுதியிருந்த இடம் வந்தது. அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்றே இத்தனை நாளும் யோசித்தவளுக்கு, தான் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது அப்போதுதான் தோன்றியது.

மறுநாளிலிருந்து அவள் வீட்டில் மீன் சட்டி அடுப்பேறவில்லை. வெள்ளைத்துரை முதலில் முணுமுணுத்தான். காரணத்தைக் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை கறியை மட்டும் வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். கம்பெனியில் இசைவாணி புளிக்குழம்பும் துவையலுமாகக் கொண்டுவந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

முத்துமாரிக்கு மோப்பம் அதிகம். ஆவணி பிறந்து சில நாள் கழித்து, அவளாகவே தூக்குவாளியோடு பழைய மரத்தடிக்கு வந்தாள். குழம்பை எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா, உன் வீட்டுல கருவாடு தீந்துபோச்சா?"

"நீங்க தொடாம நான் மட்டும் எப்படித் திங்கிறது மதினி? உங்க விரதம் முடியட்டும்."

முத்துமாரி கருப்பம்மாளைத் திரும்பி முறைத்தாள். கருப்பம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் இசைவாணி மனசில் இருந்ததைச் சொன்னாள். தனக்காக நேர்ந்ததைக் கேட்டு அழுததையும் சொன்னாள். "படைச்சதைச் சாப்பிட்டா நான் உங்களை ஏமாத்துன மாதிரி ஆயிரும். ஆனா உங்க கை வேண்டாம்னு நான் நினைச்சதே இல்ல. உங்க வீட்டு அடுப்புல, யாருக்கும் படைக்காம ஒரு பொங்கல் வைங்க. பானையோட சாப்பிடுறேன்."

முத்துமாரி யோசித்தாள். ஆத்தாளுக்குச் சொன்ன சொல்லை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, அவளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள். இசைவாணி சரி என்றாள்.  அன்றைக்குத் துவையலை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்த முத்துமாரி சனிக்கிழமை சொன்னாள்: "ஆத்தாகிட்ட கேட்டுட்டேன். பிள்ளை பிழைச்சு வந்துருச்சு, அப்புறம் உனக்கும் அவளுக்கும் நடுவுல எனக்கென்ன பஞ்சாயத்துன்னுட்டா. நாளைக்குச் சபை முடிஞ்சு வா."

ஞாயிற்றுக்கிழமை இசைவாணி சபையிலிருந்து நேரே முத்துமாரி வீட்டுக்குப் போனாள். அடுப்பில் பச்சரிசிப் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் அன்றைக்கு எதுவும் வைக்கவில்லை. இலையில் நெய் வழிய வழிய வைத்தாள் முத்துமாரி. இசைவாணி கண்ணை மூடி, இந்தக் கைக்காகவும் இந்த வீட்டுக்காகவும் நன்றி சொன்னாள். முத்துமாரி முதல் உருண்டையைத் தானே எடுத்து அவள் வாயில் ஊட்டினாள். கழுத்தில் தோல் இன்னும் இழுத்துப் பிடிக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இழுக்கவில்லை என்று இசைவாணி தலையசைத்தாள். பொங்கல் வாயில் இருந்ததால் பேச முடியவில்லை.

திங்கட்கிழமை இசைவாணி கொண்டுவந்தது விளமீன் குழம்பு. அவள் ஜெபத்துக்காகத் தலை குனிந்தபோது, முத்துமாரி பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே காத்திருந்தாள்.

"சொல்லி முடிச்சியா?"

"முடிச்சுட்டேன் மதினி. சாப்பிடுங்க."

முத்துமாரி பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள். முதலில் அதை இசைவாணியின் தட்டில் வைத்தாள். அடுத்ததைத் தனக்குப் போட்டுக்கொண்டாள்.